எஃப் ஒன்பதுக்கு முன்னால் நான் போட்டது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், அம்மா வீட்டுக்குப் போடும் கார்டும்தான். ஞாபகமும் முன்போல இல்லை. காலையில் உப்பு ஜாடியை எங்கே வைத்தேன் என்று கேட்டால் முழிப்பேன். அதனால் இதில் முன்னுக்குப் பின் இருந்தால் மன்னிக்க வேண்டும்.

நாலு பேர் எதிரில் வாய் திறக்காத ஆள் நான். பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம்கூட, "கால எடுங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு, அவர் இறங்குகிற வரைக்கும் காலை அப்படியே கொடுத்து வைத்திருந்தவள். அப்படிப்பட்ட நான் ஒரு கம்ப்யூட்டரைக் கெடுத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றிக் கெடுத்தவர்கள் உண்டு, கீழே போட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. பக்தியால் கெடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் ஊர் தனி மாவட்டம் ஆனதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்காதீர்கள். திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருடைய தங்கை ஷகீலா, அதாவது என் நாத்தனார், காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒருநாள் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தாள். கடைத் தெருவில் ஒரு மாடியில் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்திருந்தது.

"தனியாலாம் அனுப்ப முடியாது" என்றார் அவர்.

"அப்ப பாபியக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள். (பாபி என்றால் அண்ணி, நான்தான்.)

அவ்வளவுதான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு மாதம் தினமும் மூன்று மணிக்கு நான் அந்த மாடிக்குப் போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏ.சி. ரூமில் கதவோரமாக ஒரு முக்காலியில் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருவேன். (பாதி வெட்கத்துக்கு, பாதி குளிருக்கு.) சென்டரை நடத்தியவர் தண்டபாணி மாஸ்டர். அவர் என்னிடம் பேசியதெல்லாம், "வாங்க பாயம்மா", "கெளம்பிட்டீங்களா பாயம்மா" இரண்டும்தான். நான் இரண்டுக்கும் தலையை ஆட்டுவேன்.

ஷகீலா கெட்டிக்காரி. கார்த்திகை தீபத்துக்கு எங்கள் ஊர் லாட்ஜுகளில் ரூம் கிடைக்காமல் ஜனங்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். எந்த ரூம் காலி, எந்த ரூமில் யார் என்று கம்ப்யூட்டரே சொல்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினாள். அதைக் கேள்விப்பட்டு ஒரு லாட்ஜ்காரர் பார்க்க வருகிறேன் என்றார். பெயர் கோவிந்தசாமி. அவர் லாட்ஜின் இருபத்து நான்கு ரூம் பூட்டும் எங்கள் கடையில்தான் ரிப்பேர். அவருக்குப் பிடித்துப்போனால் கம்ப்யூட்டர் வாங்குவார், ஷகீலாவை அதில் வேலைக்கும் வைத்துக்கொள்வார்.

பிடிக்காமல் போனால்? ஆரணியிலிருந்து ஒரு சம்பந்தம் கேட்டு மூன்று மாதமாக ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு, பெண் வேலைக்குப் போவது பிடிக்காது. என் வீட்டுக்காரர் தங்கையிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த வேல கெடச்சா ஆரணிக்காரங்களுக்கு நானே இல்லனு சொல்லிடறேன். கெடைக்கலன்னா நீ மறுபேச்சு பேசக் கூடாது." அவளும் சரி என்றாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முக்காலியிலிருந்து பார்த்துப் புரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். எடிட்டர் என்று ஒன்று உண்டு. அது எழுதுகிற இடம், ஸ்லேட்டு மாதிரி. அதில் எழுதியது கம்ப்யூட்டருக்கு நேராகப் புரியாது. எடிட்டரை விட்டு வெளியே வந்து நீளமாக ஒரு வரி அடித்தால்தான் அது எழுதியதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டும். ஷகீலா ரூம் ஆட்களின் பெயர்களைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தாள். ஆள் மாறினால் பெயரை மாற்ற வேண்டும், மறுபடி அந்த நீள வரியை அடிக்க வேண்டும். (அப்படி எழுதியதற்காக இன்றைக்கும் அவளே தலையில் அடித்துக்கொள்கிறாள்.)

லாட்ஜ்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஒரு பட்டன்தான் தட்டுவேன். ரெண்டாவது பட்டன் இருந்தா எனக்கு வேணாம்."

அதற்கும் வழி இருந்தது. அந்த நீள வரியை எடிட்டருக்குள்ளேயே ஒரு பெட்டியில் எழுதிச் சேமித்துவிட்டால் போதும். பிறகு எஃப் ஒன்பது என்ற பட்டனைத் தட்டினால் எடிட்டரே அந்த வரியை ஓட்டிவிடும். சனிக்கிழமை காலை லாட்ஜ்காரர் வருகிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் வேலூருக்குப் போகிற அவசரத்தில், அந்த வரியை இன்றைக்கே பெட்டியில் போட்டு வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஷகீலாவோ இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் நிக்காஹ்.

"கழுவிட்டு வா" என்றேன்.

"இப்பதான் வெச்சேன் பாபி. கழுவுனா வெளுத்துப் பூடும். எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க. நீங்க அடிங்க, நான் சொல்றேன்."

"நானா!"

"ஆறு மாசமா பாத்துட்டுதான இருக்கீங்க? ஏ பி சி டி தெரியும்ல?"

தெரியும். ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். இரண்டு கையையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நடக்க, நோட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். சென்டரைப் பெருக்குகிற அம்மாள் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள். பெட்டியை எப்படித் திறப்பது என்று ஷகீலா சொன்னாள், திறந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, நோட்டை முழங்கையால் அழுத்திக்கொண்டு படிக்க ஆயத்தமானாள்.

நான் வெறும் பெட்டியைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முதலாகக் கம்ப்யூட்டரில் எழுதப் போகிறேன். அதுவும் ஒரு பெண்ணின் எதிர்காலத்துக்கு.

எங்கள் வீடுகளில் எதை எழுத ஆரம்பித்தாலும் தாளின் தலையில் 786 என்று போடுவோம். இறைவன் பெயரால் தொடங்குகிறோம் என்பதற்கு அடையாளம். பக்கத்து வீட்டில் பிள்ளையார் சுழி போடுவார்கள், அதைப் போல. மளிகைச் சீட்டுக்கே போடுகிறவள் இதற்குப் போடாமல் இருப்பேனா? ஏழு. எட்டு. ஆறு. மரியாதைக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டுமென்று நீளப் பட்டனை ஒருமுறை தட்டினேன்.

"ஆரம்பிக்கட்டா பாபி?"

"ம்."

"சி... ரெண்டு புள்ளி... சாஞ்ச கோடு. அந்தக் கோடு இல்ல, பின்பக்கமா சாஞ்சது..."

முப்பது எழுத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தையும் சந்தையில் தொலைந்த குழந்தையைத் தேடுவதுபோலத் தேடினேன். பெட்டியோ சின்னது. அடிக்க அடிக்க முன்னால் அடித்தது இடப்பக்கமாக நகர்ந்து உள்ளே போய்விட்டது. கடைசியில் ஷகீலா பையைக் கழற்றிவிட்டு, காய்ந்த மருதாணி உதிர உதிர வந்து எட்டிப் பார்த்தபோது வரியின் வால் மட்டும்தான் தெரிந்தது. "சூப்பர் பாபி!" என்றாள். சேமிக்கிற பட்டனைத் தட்டினேன். சேமித்தாகிவிட்டது என்று அது சொன்னது. ஓட்டிப் பார்க்கலாம் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. எங்கள் ஊரில் நேரம் தவறாமல் வருவது கரண்ட் கட் ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை. லாட்ஜ்காரர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். என் வீட்டுக்காரரும் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். நான் முக்காலியில். ஷகீலா செக்கச்செவேலென்று சிவந்த விரலால் எஃப் ஒன்பதைத் தட்டினாள்.

திரை கருத்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"இன்னா சொல்லுது?" என்றார் லாட்ஜ்காரர்.

"கட்டளையே தப்பாம், இல்லன்னா அந்தப் பேருல ஃபைல் இல்லையாம்" என்றார் மாஸ்டர். "ஒண்ணும் இல்ல சார், இன்னொரு தடவ தட்டும்மா."

தட்டினாள். அதே வரி. மாஸ்டர் தட்டினார். அதே வரி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அது எழுந்து வருகிற வரைக்கும் லாட்ஜ்காரர் சுவரில் இருந்த காலண்டரில் ராகுகாலம் பார்த்தார். எழுந்து வந்தது, அதே வரி.

நான் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு என்ன நினைத்தேன் தெரியுமா? 'நல்லவேளை, 786 போட்டோம். போடாமல் இருந்தால் இன்னும் என்னென்ன ஆகியிருக்குமோ!' (சத்தியமாக இப்படித்தான் நினைத்தேன்.)

மாஸ்டர் கீபோர்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். காய்ந்த மருதாணித் தூள் பொலபொலவென்று மேஜையில் கொட்டியது.

"இதோ! கண்டுபுடிச்சாச்சு!" என்றார். "கம்ப்யூட்டருக்கே மருதாணி வெச்சிருக்கீங்க. அப்பறம் எப்படி வேல செய்யும்?"

என் வீட்டுக்காரர் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். ஷகீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பட்டனாகத் துடைத்தார்கள். துடைத்துவிட்டு எஃப் ஒன்பதைத் தட்டினால் அதே வரி.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார் லாட்ஜ்காரர். "மலைக்கு முதுகக் காட்டிட்டு ஒக்காந்திருக்குது உங்க மெஷினு. இந்த ஊர்ல எந்தக் காரியமும் மலையப் பாத்துதான் செய்யணும். திருப்பி வைங்க."

மாஸ்டர் படித்தவர். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கும் வேறு யோசனை இல்லை. என் வீட்டுக்காரரும் அவரும் மேஜையோடு கம்ப்யூட்டரைத் தூக்கித் திருப்பினார்கள். ஒயர் எட்டாமல் இழுத்து, ஸ்டெபிலைசர் சரிந்து, லாட்ஜ்காரர் அதைக் காலால் தடுத்து, ஒருவழியாகக் கம்ப்யூட்டர் அண்ணாமலையைப் பார்த்தது. ஷகீலா கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். மலையைப் பார்த்தபடியே அதே வரியைச் சொன்னது.

அப்போது ஷகீலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சார், பட்டன் வேணாம். வெளிய போய் அந்த முழு வரியக் கையால அடிச்சுப் பாக்கறேன்." அடித்தாள். விறுவிறுவென்று ஓடி ஒன்று முதல் இருபத்து நான்கு வரை ரூம்கள் வரிசையாக வந்து நின்றன. பதினாலாம் நம்பர் காலி என்றுகூடக் காட்டியது.

"புரோகிராம்ல தப்பு இல்ல" என்று மாஸ்டர் மூச்சு விட்டார்.

"நல்லாத்தான் கீது" என்று லாட்ஜ்காரரும் ஒத்துக்கொண்டார். ஆனால் எழுந்து நின்றுவிட்டார். "ஆனா இவ்ளோ நீளம் எவன் அடிக்கறது? தீபத்தன்னிக்கு கவுண்டர்ல நூறு பேரு நிப்பான். எனக்கு ஒரு பட்டன். வேலூர்ல ஒருத்தன் ஒரு பட்டன்ல தரேன்றான். தப்பா எடுத்துக்காதீங்க பாய், நான் கெளம்பறேன்."

என் வீட்டுக்காரர், "பரவாயில்லீங்க" என்றார். ஷகீலா அவரைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை அவ்வளவு அழகாகச் சிவந்திருந்தது. ஆரணிக்காரர்கள் வந்தால் வேறு மருதாணிகூட வேண்டாம் என்று என் பாழும் மனசுக்குத் தோன்றியது.

மாஸ்டர் விடவில்லை. "ரெண்டே நிமிஷம் சார்" என்று அந்தப் பெட்டியைத் திறந்தார். வரியின் வால் தெரிந்தது. ஷகீலாவின் நோட்டை வைத்துக்கொண்டு, தெரிந்த வரைக்கும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான இருக்கு! கையால அடிச்சா ஓடுது, இங்க இருந்தா ஓட மாட்டேங்குது. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்? நேத்து யாரு அடிச்சது?"

ஷகீலா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். ஆறு மாதத்தில் முதல்முறையாக அந்த ரூம் முழுக்க என்னைப் பார்த்தது. ஏ.சி.யில் எனக்கு வியர்த்தது. வித்தியாசம் என்ன என்று அவர் கேட்டதும், அது முக்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. லாட்ஜ்காரர் கதவைத் தாண்டி ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டார்.

"அதுக்கு முன்னாடி..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எதுக்கு முன்னாடி பாயம்மா?"

"'சி'க்கு முன்னாடி. எழுநூத்தி எம்பத்தாறு போட்டேன்."

மாஸ்டர் ஒரு பட்டனைத் தட்டினார். பெட்டிக்குள் வரி மொத்தமும் வலப்பக்கமாக நகர்ந்து தலை தெரிந்தது. தலையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது 786.

லாட்ஜ்காரர் செருப்போடு ஒற்றைக் காலில் உள்ளே எட்டிப் பார்த்தார். "என் மச்சான் பையன் கம்ப்யூட்டர்ல 286, 386னு மாடல் சொல்லினு இருந்தான். 786 எப்ப வந்துச்சு?"

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கம்ப்யூட்டர் மொதல்ல இருக்கறத கட்டளைனு எடுத்துக்கும் பாயம்மா. 786னு ஒரு புரோகிராம் எங்கடானு பாவம் அது காலையிலேர்ந்து தேடுது!" என்று சொல்லிக்கொண்டே அழிக்கிற பட்டன் மேல் விரலை வைத்தார்.

"அத அழிக்காதீங்க!"

அப்படிக் கத்தியது நான்தானாம். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் நாலு சாட்சிகள் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் கல்யாணம் ஆன பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை என்றார்.

"எடுத்தாத்தான் ஓடும் பாயம்மா" என்றார் மாஸ்டர் பொறுமையாக.

"நல்ல காரியத்துக்குனு போட்டதுங்க. போட்டுட்டு எப்படிங்க எடுக்கறது?"

"நீ சும்மா இரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவங்க சொல்றதுல இன்னா தப்பு பாய்?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு லாட்ஜ்காரர் உள்ளே வந்துவிட்டார். "நானுந்தான் லாட்ஜ் நோட்டுல பிள்ளையார் சுழி போடறேன். போட்டத எவனாவது ரப்பர் வெச்சு அழிப்பானா? அழிச்சா அந்த ரூமு வெளங்குமா?"

மாஸ்டர் அழிக்கவும் முடியாமல், விரலை எடுக்கவும் முடியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை போனால் போகட்டும், பாவம் வேண்டாம் என்று நான். பாவம் வேண்டாம், ஆனால் பட்டன் ஒன்றுதான் என்று லாட்ஜ்காரர்.

அப்போதுதான் ஷகீலா நிமிர்ந்தாள். "சார், அது 786ன்ற பேர்ல ஒண்ணத் தேடுது. இல்லாததாலதான திட்டுது? நாம அந்தப் பேர்ல ஒண்ணு வெச்சுட்டா?"

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

அவள் 786 என்ற பெயரிலேயே ஒரு சின்ன ஃபைல் எழுதினாள். ஒரே வரிதான். சதவீதக் குறி போட்டு ஒன்று, இன்னொரு சதவீதக் குறி போட்டு இரண்டு. என்னைக் கூப்பிட்டு, "பாபி, உங்களுக்குப் பின்னாடி யார் வந்தாலும் அவங்கள அப்படியே உள்ள அனுப்பிடுங்கனு அதுகிட்ட சொல்லிருக்கேன்" என்று விளக்கினாள். (வாசல்காரன் வேலை. அது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆறு மாதம் அதைத்தானே செய்தேன்.)

பிறகு எஃப் ஒன்பது பட்டனை லாட்ஜ்காரரையே தட்டச் சொன்னாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தட்டினார். திரை கருத்தது. ரூம்கள் வரிசையாக வந்து நின்றன, ஒன்று முதல் இருபத்து நான்கு வரை.

அவர் மறுபடி தட்டினார். மறுபடி வந்தது. மூன்றாம் முறை தட்டிவிட்டுச் சொன்னார்: "வேலூர்க்காரன்கிட்ட இது இருக்குமா? சாமிய உள்ளயே வெச்சுக் குடுக்கறான்களா? தங்கச்சி, நீ ஒண்ணாந்தேதிலேர்ந்து வந்துடு." கொஞ்சம் யோசித்து, "அந்த அம்மாவும் கூட வருவாங்களா?" என்றார்.

"வராம?" என்றார் என் வீட்டுக்காரர். இந்த முறையும் என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை நான் சிரித்துக்கொண்டிருந்தேன். முக்காடு இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆரணிக்கு அன்று சாயங்காலமே கார்டு எழுதினார். தலையில் 786 போட்டு, சம்பந்தம் வேண்டாம் என்று.

ஷகீலா அந்த லாட்ஜில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். முதல் வருஷம் நானும் ரிசப்ஷனில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். லாட்ஜ்காரர் திரைக்கு மேலே சந்தனத்தில் பிள்ளையார் சுழி போட்டு வைத்தார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஒரு தீபத்துக்கு முதல் நாள் மெட்ராஸிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர், "இது என்ன தேவையில்லாத ஃபைல்" என்று 786-ஐ அழித்துவிட்டார். எஃப் ஒன்பது மறுபடி பழைய வரியையே சொன்னது. லாட்ஜ்காரர் அவரைத் திட்டிய திட்டு தேரடி வரைக்கும் கேட்டதாம். ஷகீலா ஓடிப்போய் மறுபடி எழுதி வைத்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது நின்றாலும் சரி, மிக்ஸி நின்றாலும், மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும், பேரனின் செல்போன் உறைந்துபோனாலும், முதல் கேள்வி மிஷினைப் பற்றி இருக்காது. எல்லோரும் என் பக்கம் திரும்பி, "முன்னாடி எதுனா போட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் சாவி திரும்பாத பூட்டையெல்லாம் "உங்க பாயம்மா பூட்டு" என்றுதான் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். ஷகீலா இப்போது பெங்களூரில் இருக்கிறாள். யாராவது இதை அவளுக்கு அனுப்பி, அது எஃப் ஒன்பதுதானா, சதவீதக் குறி இரண்டா மூன்றா, காலியாக இருந்தது பதினாலாம் நம்பர்தானா என்று கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று. நான் எழுதிக் கொடுத்திருக்கும் முதல் தாளின் உச்சியில் மூன்று எண்கள் இருக்கும். அச்சில் போட வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டர் என்ன சொல்லுமோ தெரியாது. ஆனால் தயவுசெய்து தாளிலிருந்து அழித்துவிடாதீர்கள்.